உப்புத் தண்ணி வீட்டில் மெஷின் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும், டூல்ஸ் பையைக் கீழே வைப்பதற்குள் ஒரு கட்டன் சாயா, அதாவது பால் ஊற்றாத டீ, வந்துவிடும். நான் முதலில் பார்ப்பது அந்தத் தம்ளரைத்தான். டீயின் மேல் எண்ணெய் சிந்தினதுபோல் ஒரு மெல்லிய ஏடு மிதக்கும். தம்ளரை லேசாகச் சாய்த்தால் அந்த ஏடு காய்ந்த குளத்து மண் மாதிரி விரிசல் விடும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் டீயின் துவர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. எலுமிச்சை பிழிந்தால் ஏடு கட்டாது. ஏடு தடிமனாக இருந்தால் அந்த வீட்டுக் கெய்சர் எந்த நிலையில் இருக்கும் என்று திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

18 வருடமாக வேலந்தாவளம், ஒழலப்பதி, கோபாலபுரம் என்று கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இதே வேலைதான். கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையையும் ஆற்றையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் சித்தூர்த் தாலுகா (ஆந்திரத்துச் சித்தூர் வேறு) மழை மறைவுப் பகுதி. கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். கிணறு வெட்டினால் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, வரும். கொஞ்சம் வடக்கே போனால் வாளையாரிலும் மதுக்கரையிலும் சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புப் பாறை இருப்பதால் வந்தவை. கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் குளித்து வளர்ந்த பெண்கள் கல்யாணமாகி இங்கே வந்தால் முதல் மாதம் புலம்புவது தலைமுடியைப் பற்றித்தான். அவ்வளவு உப்பு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எது கெட்டாலும் 'உப்புத் தண்ணிதான் காரணம்' என்று சொல்லிவிடுவது சுலபம். மெக்கானிக்குகளும் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பாதி நேரம்தான் அது உண்மை.

மெஷினைத் திறக்கும் முன்: தண்ணீர்தான் காரணமா?

சுண்ணாம்பு கண்ட இடத்தில் படியாது. தண்ணீர் சூடாகும் இடத்தில் படியும், இல்லையென்றால் தண்ணீர் காயும் இடத்தில் படியும். தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது கால்சியம் பைகார்பனேட். சூடு பட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, மிச்சம் கரையாத கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். 60 டிகிரிக்கு மேல் போனால் இந்த வேலை வேகமாக நடக்கும். காயும் இடத்தில் கதை இன்னும் எளிது: தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. குழாய் வாயில் வெள்ளையாக இருப்பது அதுதான். பழுது வந்த இடம் சூடாகவும் செய்யாது, காயவும் செய்யாது என்றால் முதலில் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

அடுத்தது வினிகர் சோதனை. கடையில் வாங்கும் வெள்ளை வினிகர் போதும். சுரண்டி எடுத்த படிவின் மேல் நாலு சொட்டு விடுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்கவில்லை என்றால் பெரும்பாலும் மணல், துரு, சோப்புப் பிசுக்கு இவற்றில் ஒன்று. ஜிப்சம் படிவும் நுரைக்காது, ஆனால் வீட்டில் அது அதிகம் கண்ணில் படுவதில்லை. என் பையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன வினிகர் பாட்டில் இருக்கும்.

டி.டி.எஸ். மீட்டரை (கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்டுவது) வைத்துக் கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை, முடிவு செய்யாதீர்கள். அந்தப் பேனா மீட்டர் பார்ப்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை மட்டும்தான். சமையல் உப்பைக் கரைத்தாலும் எண் ஏறும், ஆனால் அந்த உப்பு கெய்சருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் படியாது. சரியான எண் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் கேரள வாட்டர் அதாரிட்டியின் மாவட்டப் பரிசோதனைக் கூடம், அந்தப் பக்கம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம். கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுத்தால் பார்த்துத் தருவார்கள். அவசரத்துக்கு, அலங்கார மீன் கடையில் ஜி.ஹெச். (மொத்தக் கடினத்தன்மை) சோதனைச் சொட்டு மருந்து கிடைக்கும். நிறம் மாறும் வரை எத்தனை சொட்டு என்று எண்ணுவது. அது காட்டும் ஒரு டிகிரி கடினத்தன்மை என்பது சுண்ணாம்புக் கணக்கில் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் போர்வெல் தண்ணீர் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 100 லிட்டர் கெய்சர் வழியாகப் போனால் 50 கிராம் சுண்ணாம்புக் கணக்கு. வருடத்துக்கு 18 கிலோ. முழுவதும் உள்ளே தங்காது, பெரும்பகுதி உங்கள் தலை வழியாகவே ஓடிப்போகும். தங்குகிற பங்கு ரொம்பச் சின்னதுதான், ஆனால் காயிலை மூட அது போதும்.

ஆய்வகத்துக்குப் போகும்போது ஃப்ளூரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்து நிலத்தடி நீரில் அது கூடுதலாக இருக்கும் இடங்கள் உண்டு. நிறம், ருசி, மணம் எதிலும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் அதிகபட்சம் 1.5. இது மெஷினுக்குக் கெடுதல் இல்லை, பல்லுக்கும் எலும்புக்கும்தான்.

கெய்சரில் 'பட பட' என்று சத்தம்

சோளம் பொரிகிற மாதிரி, சில வீடுகளில் உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி கேட்கும். காயிலின் மேல் படிந்த சுண்ணாம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து, ஆவியாகி, வெடித்து வெளியே வரும் சத்தம் அது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, சுண்ணாம்புதான்.

சத்தத்தால் உடனே ஆபத்து இல்லை. ஆனால் காயிலுக்கு ஆயுள் குறைகிறது. செம்போடு ஒப்பிட்டால் இந்தப் படிவு சூட்டைக் கடத்துவதில் நூறு மடங்குக்கு மேல் மந்தம். உள்ளே இருக்கும் கம்பியின் சூடு வெளியே போக வழி தெரியாமல் காயிலே பழுக்கும், ஒருநாள் வெடிக்கும்.

திறப்பதென்றால்: சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். டெஸ்டரால் பாருங்கள். தண்ணீர் ஆறட்டும். தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கீழே வடிகாலில் தண்ணீரை இறக்குங்கள். அப்புறம் கீழ் மூடியின் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிர் நட்டாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மூடி இறங்கும்போது கூடவே ஒரு கை வெள்ளைச் சில்லு கொட்டும், கீழே பக்கெட் வையுங்கள். ஒழலப்பதியில் ஒரு வீட்டில் 15 லிட்டர் கெய்சரிலிருந்து அரை பக்கெட் அள்ளினேன். முட்டை ஓட்டை நொறுக்கிக் கொட்டினதுபோல் இருந்தது. அந்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில பருப்பே வேகறதில்லை தம்பி, பாவம் மெஷின் என்ன பண்ணும்" என்றார்.

காயிலைச் சுத்தியலால் தட்டாதீர்கள், மேல் உறை விரிசல் விடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்களே அது, கரைத்து, காயில் பகுதி மட்டும் மூழ்கும்படி வையுங்கள். ஒயர் மாட்டும் முனைகள் நனையக் கூடாது. கொதிக்கிற தண்ணீரில் கரைக்க வேண்டாம். ரொம்பச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்று வேறொரு வெள்ளைப் படிவு உண்டாகி அதுவும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

திரும்ப மாட்டும் முன் மல்டிமீட்டரில் காயிலைப் பாருங்கள். 2000 வாட் காயிலுக்கு 26 ஓம் சொச்சம் காட்ட வேண்டும். 3000 வாட் என்றால் 17, 18. காயிலின் முனைக்கும் வெளி உறைக்கும் நடுவே எதுவுமே காட்டக் கூடாது. மூடியோடு தொங்கும் மெக்னீசிய அனோடு ராடு பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் மாற்றுங்கள். தொட்டியைத் துரு தின்னாமல் காப்பது அதுதான். எங்கள் தண்ணீருக்கு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள். அதில் மிச்சம் பிடித்துவிட்டு மறுநாள் ஒழுகுகிறது என்று திரும்பக் கூப்பிட்டவர்கள் பலர். தொட்டி நிறைந்து வெந்நீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்ச். காலித் தொட்டியில் போட்டால் புதுக் காயில் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

தண்ணீர் சூடாக ரொம்ப நேரமாகிறது

'உப்பு படிந்துவிட்டது, அதனால்தான் நேரமாகிறது, கரண்ட் பில்லும் ஏறுகிறது' என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. காயில் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது. அதில் உண்டாகும் சூடு கொஞ்சம் தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. அடுப்பில் வைத்த பாத்திரம் என்றால் சூடு பக்கவாட்டில் வீணாகும், கெய்சரில் அப்படி இல்லை.

அதனால் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். 2000 வாட் கெய்சர், 15 லிட்டர் தண்ணீர், 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வர ஏறக்குறைய 18 நிமிடம். 25 லிட்டர் என்றால் அரை மணி நேரம். இதை விட ரொம்பக் கூடுதலாக ஆனால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வந்தால் காயிலின் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், 18 நிமிடம் 26, 27 ஆகிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மட்டும் நேரமாகிறது, விடியற்காலையில் சரியாக இருக்கிறது என்றால் இதுதான். எல்லைக் கிராமங்களில் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இது புதுக் கதை இல்லை.

நேரமாகவில்லை, ஆனால் வெந்நீர் இரண்டு சொம்பில் தீர்ந்துவிடுகிறது என்றால் அது சுண்ணாம்பின் வேலையாக இருக்கலாம். தொட்டியின் அடியில் சில்லு நிறைந்து இடத்தை அடைத்திருக்கும், அல்லது காயிலுக்கும் தெர்மோஸ்டாட் குழாய்க்கும் நடுவே கல் பாலம் கட்டி, தண்ணீர் சூடாகும் முன்பே தெர்மோஸ்டாட் நின்றுவிடும். இரண்டுக்கும் மேலே சொன்ன சுத்தம்தான் மருந்து.

கெய்சர் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, அல்லது குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

உடனே நிறுத்துங்கள். படிவுக்கு அடியில் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காயில் மாற்ற வேண்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யை நீக்கிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள்.

இதே இடத்தில் இன்னொன்று. கெய்சருக்கு அடியில் இருக்கும் சேஃப்டி வால்வு, சூடாகும்போது சில சொட்டு விடுவது வழக்கம்தான். தண்ணீர் சூட்டில் விரிகிறது. சூடு ஆறின பிறகும் நிற்காமல் சொட்டினால் வால்வின் இருக்கையில் சுண்ணாம்புத் துணுக்கு மாட்டியிருக்கும். நெம்புகோலைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீரைப் பீச்சவிடுங்கள், போகவில்லையென்றால் வால்வை மாற்றுங்கள். சொட்டுகிறதே என்று அதன் வாயில் மரக்கட்டையை அடித்து அடைத்து வைத்திருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். குளியலறைச் சுவரில் வெடிகுண்டை மாட்டி வைத்த மாதிரி.

ஷவரில் தண்ணீர் நாலா பக்கமும் பீய்ச்சுகிறது

காயும் இடம். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் முடிந்தது. தங்க நிற, கறுப்பு நிற முலாம் பூசியது என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குழாய் நுனி வலைக்கும் இதே வைத்தியம். வினிகர் மொசைக், மார்பிள் தரையில் சிந்தினால் பளபளப்பு போய்விடும். அதுவும் சுண்ணாம்புக் கல்தானே.

வாஷிங் மெஷினில் தண்ணீர் நிரம்ப நேரமாகிறது, அல்லது தண்ணீர் வரவில்லை என்று திரையில் காட்டி நிற்கிறது

சூடாகும் இடமா? இல்லை. காயும் இடமா? குழாய் எப்போதும் நனைந்தே இருக்கிறது. அப்படியென்றால் சுண்ணாம்பு மேல் எனக்குச் சந்தேகம் குறைவு.

குழாயை மூடி, பின்பக்க ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலையை நோஸ் பிளையரால் மெதுவாக இழுங்கள். அதில் இருப்பதை உள்ளங்கையில் கொட்டி வினிகர் சொட்டு விடுங்கள். எங்கள் பக்கத்தில் பத்துக்கு ஏழு முறை நுரைக்காது. போரிலிருந்து வந்த மணல், ஜி.ஐ. பைப்பின் துரு, தொட்டி அடியின் சேறு. மேல்தொட்டியைக் கழுவி, மெஷினுக்கு முன்னால் ஒரு சாதாரண வலை ஃபில்டர் போட்டால் தீர்ந்துவிடும். சுண்ணாம்பைத் தடுக்கும் 'ஸ்கேல் ஃபில்டர்' என்று விலை கூடியதை வாங்க வேண்டியதில்லை. நுரைத்தால், பழைய பைப்பில் உதிர்ந்த சில்லு. வலையை வினிகரில் ஊற வையுங்கள்.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெதுவாகவே வந்தால், நிமிர்ந்து மேல்தொட்டியைப் பாருங்கள். பல மெஷின்கள் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தத்துக்குத் தொட்டி, மெஷினை விட மூன்று மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில் மெஷின், அதே மாடிச் சுவரின் மேல் தொட்டி என்றால் அந்த மெஷின் வாழ்நாள் முழுக்கத் தாகத்தோடுதான் இருக்கும். கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் இதைக் கவனிக்காமல் வால்வை மாற்றிக் காசு வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் அதே புகார். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தொட்டிக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு போடச் சொன்னேன்.

துணி விறைப்பு, வெள்ளை மங்கல்

இது தண்ணீர்தான். டிடர்ஜென்ட்டின் ஒரு பங்கு அழுக்கைத் தொடும் முன்பே கால்சியத்தோடு சண்டை போட்டுச் செலவாகிவிடும். கூடுதலாகப் பவுடர் போட்டால் துணியில் அதுவும் தங்கும். நான் சொல்வது சலவை சோடா. ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி, பவுடருக்கு முன்னால். சோடா கால்சியத்தைப் பிடித்துக் கீழே தள்ளிவிடும், பவுடர் பாதி போதும். கடைசி அலசலில் அரை கப் வினிகர் விட்டால் விறைப்பு குறையும். பட்டுக்கும் கம்பளிக்கும், ஓணத்துக்குக் கட்டும் கசவு முண்டுக்கும் சோடா, வினிகர் இரண்டும் வேண்டாம். அவற்றை மழைத் தண்ணீரிலோ ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீரிலோ கையால் அலசுங்கள்.

மங்கல் இல்லை, பழுப்புப் புள்ளி என்றால் அது இரும்பு. அதற்கு பிளீச் ஊற்றினால் துரு இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். பிளீச்சையும் வினிகரையும், பிளீச்சையும் எந்த ஆசிட்டையும், சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும்.

ஃப்ரண்ட் லோடு மெஷினில் வெந்நீரில் துவைக்கிறவர்கள் காயிலைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல், டிரம்மில் 100 கிராம் எலுமிச்சை உப்புப் போட்டு 40 டிகிரியில் ஓட்டி, அப்புறம் ஒரு அலசல். ஹீட்டரே இல்லாத டாப் லோடுக்கு மாதாமாதம் விலை உயர்ந்த டீஸ்கேலிங் (சுண்ணாம்பு நீக்கும்) பவுடர் விற்கிறார்கள். காயில் இல்லாத மெஷினில் அது எதைக் கரைக்கும்? அங்கே இருப்பது பெரும்பாலும் சோப்புப் பிசுக்கும் நூலும். வெந்நீரும் சலவை சோடாவும் போதும்.

கெட்டில், இட்லிப் பாத்திரம், குக்கர்

கெட்டிலின் அடியில் வெள்ளைத் தகடு: ஒரு லிட்டர் சூடான, கொதிக்காத தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு, அரை மணி நேரம், கழுவுங்கள். தகடு தடிமனாக இருந்தால் இன்னொரு முறை. வேலைக்கு வந்த புதிதில், ஒரு ஸ்டீல் கெட்டிலில் கழிப்பறை ஆசிட்டை ஊற்றினேன். சுண்ணாம்பு ஒரே நொடியில் போனது. கூடவே ஸ்டீலில் ஊசி குத்தின மாதிரி புள்ளிகள். அந்தக் கெட்டில் இன்னும் என் வீட்டில் இருக்கிறது, போல்ட் நட்டு போட்டு வைக்க.

இட்லிப் பாத்திரமும் குக்கரும் உள்ளே கறுத்தால் அதற்கு நம் வீடுகளில் பழைய வைத்தியம் உண்டு: அடித் தண்ணீரில் ஒரு கோலி புளி, அல்லது பிழிந்த எலுமிச்சைத் தோல். அலுமினியம் கறுக்காது, வெள்ளைத் தகடும் அவ்வளவாகக் கட்டாது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செய்கிற வேலை.

பருப்பு வேகாததை மெஷின் பழுதோடு சேர்ப்பதா என்று தெரியவில்லை, ஆனால் 'குக்கர் சரியில்லை' என்று காட்டியவர்கள் உண்டு. குக்கர் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரின் கால்சியம் பருப்பில் இருக்கும் பெக்டின் என்ற பசையை இறுக்கிவிடுகிறது, எத்தனை விசில் விட்டாலும் நடு கடுக்கென்றே இருக்கும். பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணி வையுங்கள். சோடா உப்புப் போட்டால் வேகும், பி1 வைட்டமின் போகும்.

ஆர்.ஓ.வில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது

மெம்பிரேனை, அதாவது உப்பைத் தடுத்து நல்ல தண்ணீரை மட்டும் விடும் சவ்வை, மாற்றும் முன் வரிசையாகப் பாருங்கள். முதல் கேண்டில் (தண்ணீர் முதலில் போகும் வடிகட்டி) சேறு படிந்து பழுப்பாக இருக்கிறதா? மாற்றுங்கள். பம்ப் சத்தம் வழக்கம்போல் இருக்கிறதா? அப்புறம்தான் மெம்பிரேன். அங்கே சூடு இல்லை, ஆனால் நல்ல தண்ணீரைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் உப்பு செறிந்துவிடுகிறது, காயும் இடத்துக்குச் சமம். வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று குடம் வெளியே போவது இதனால்தான். 'வீணாகிறதே' என்று வெளியேறும் குழாயை இறுக்கினவர்களின் மெம்பிரேன் ஆறு மாதம் தாங்காது. அந்தத் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்க, பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெய்சருக்கோ கூலருக்கோ ஊற்றாதீர்கள்.

இங்கே டி.டி.எஸ். மீட்டர் உதவும். உள்ளே 900, வெளியே 60 என்றால் மெம்பிரேன் நன்றாக வேலை செய்கிறது. வெளியே 150, 200 என்று ஏறினால் அதன் காலம் முடிகிறது. ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். பல ஆர்.ஓ.க்களில் 'ருசிக்காக' என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது மெம்பிரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். எண் ஏறியதற்கு அந்தத் திருகே காரணமாக இருக்கலாம். ஃப்ளூரைடு உள்ள ஊரில் அந்தத் திருகை முழுதாக மூடியே வைக்க வேண்டும். மெம்பிரேன் தடுத்ததைத் திருகு வழியாகத் திரும்பக் குடிப்பதில் என்ன பிரயோஜனம்?

ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுக்காரர்கள் சிலரும் கௌரவத்துக்காக ஆர்.ஓ. மாட்டுகிறார்கள். டி.டி.எஸ். 500க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும், தேவையில்லை என்றால் மாட்டாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் சட்டையில் வெள்ளைத் துப்பினால் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது, ஆர்.ஓ.வும் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும். இது தெரியாமல் இரண்டு வருடத்தில் பேட்டரியைக் கொன்றவர்கள் தெருவுக்கு ஒருவர்.

ஏர் கூலர், பங்குனி சித்திரையில் பாலக்காட்டுக் கணவாயின் காற்று அனலாக வீசும்போது நாள் முழுக்க ஓடும். தண்ணீர் ஆவியாகும், தொட்டியில் உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரை முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் பேட் பாறையாகிவிடும்.

டிஷ் வாஷர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம்தான். கண்ணாடித் தம்ளர் மங்கினால் வினிகர் துணியால் துடைத்துப் பாருங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு, மெஷினில் கடினத்தன்மை அளவைக் கூட்டி, அதற்கென்று விற்கும் உப்பைப் போடுங்கள், சமையல் தூள் உப்பு வேண்டாம். தெளியாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, அதற்கு மருந்து இல்லை.

சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) வாங்கலாமா?

கடினத்தன்மை 400, 500 தாண்டி, வீட்டில் இரண்டு கெய்சர், ஒரு ஃப்ரண்ட் லோடு என்று இருந்தால் வாங்கலாம். உள்ளே இருக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் மணிகள், கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். இந்தக் கழுவலை மறந்த வீடுகளில் சாஃப்ட்னர் என்பது பெரிய காலி டப்பா. சாஃப்ட்னர் மாட்டின மறுநாள், "டி.டி.எஸ். குறையவே இல்லையே தம்பி, ஏமாத்திட்டீங்களே" என்று ஒரு அக்கா போன் செய்தார். குறையாது. ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு வந்திருக்கிறது, மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். சோப்பை எடுத்துக் கையைக் கழுவிப் பாருங்கள் என்றேன். போனை வைக்காமலே போய்க் கழுவிவிட்டு வந்து, "வழவழன்னு போகவே மாட்டேங்குது" என்றார். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், ரத்த அழுத்தக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கவும் வேண்டாம்.

பைப்பின் மேல் காந்தத்தைக் கட்டினால் போதும் என்று விற்பவர்கள் எல்லைக்கு இரு பக்கமும் வருகிறார்கள். காந்தம் கட்டிய இரண்டு வீடுகளின் கெய்சரைத் திறந்திருக்கிறேன். இரண்டிலும் அதே முட்டை ஓடுதான்.